கெதார்: ஸ்பானிஷின் 'எஞ்சி நிற்கும்' வினைச்சொல் – முழுமையான வழிகாட்டி

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கிச் சில மாதங்களில் ஒரு வினைச்சொல் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து முட்ட ஆரம்பிக்கும். கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லும்போது அது வரும். வழி கேட்டால் வரும். சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றால் வரும். 'நாளைக்குப் பார்ப்போமா?' என்ற குறுஞ்செய்தியிலும், 'புகைபிடிக்கக் கூடாது' என்ற பலகையிலும் அதுவே இருக்கும். கெதார் என்பது அதன் பெயர். எழுத்துகளைக் கூட்டிச் சொன்னால் க்யூ, யூ, ஈ, டி, ஏ, ஆர்.

அகராதியைத் திறந்தால் ஒரு பக்கம் முழுக்கப் பொருள்கள். அவற்றை மனப்பாடம் செய்ய முயன்றவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யத் தேவையும் இல்லை. இந்தச் சொல்லுக்கு அடியில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. அது எந்த வாக்கியச் சட்டத்தில் உட்காருகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. படத்தையும் சட்டங்களையும் பிடித்துக்கொண்டால் போதும்.

அடியில் இருக்கும் படம்

லத்தீனில் 'அடங்கச் செய், அமைதிப்படுத்து' என்ற பொருளுடைய வினையிலிருந்து கெதார் பிறந்தது. 'அசையாத' என்று பொருள்படும் 'கியேத்தொ' என்ற ஸ்பானிஷ் பெயரடையும் அதே வேரில் வந்ததுதான். ஆகவே கெதார் என்றால், ஏதோ ஒன்று நடந்து, ஓடி, அடங்கிய பிறகு எது எந்த நிலையில் நிற்கிறது என்பது. செலவு நடந்தது, நிற்பது பத்து யூரோ. பேச்சு நடந்தது; நிற்பது 'ஆறு மணிக்குச் சந்திப்பு' என்ற முடிவு. சமையல் நடந்தது, நிற்பது ருசியான ஒரு பண்டம். எல்லோரும் கிளம்பினார்கள், நிற்பவன் நான்.

தமிழில் 'பாக்கி நிற்கிறது', 'மனசில் நின்றுவிட்டது' என்கிறோமே, அந்த 'நில்' ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. புதிய வாக்கியம் ஒன்றில் கெதார் வந்து பொருள் பிடிபடவில்லை என்றால், 'எது அடங்கியது, அதன் பின் எது நிற்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டு முறை விடை கிடைத்துவிடும்.

முதல் படி: ஒலியும் வடிவமும்

இந்த வழிகாட்டியில் ஸ்பானிஷ் சொற்களைத் தமிழில் எழுதச் சில ஏற்பாடுகள் வைத்திருக்கிறோம். அழுத்தம் விழும் அசை நெடிலாகவும் மற்றவை குறிலாகவும் இருக்கும். சொல் நடுவில் வரும் ஒற்றைத் த, ப, க மெல்லொலி, இரட்டித்தால் வல்லொலி. ஸ என்பது எஸ் ஒலி, ச என்பது 'சட்னி'யில் உள்ள ஒலி, ற என்பது நாக்கு உருளும் ரகரம்.

தமிழர்களுக்கு இங்கே ஒரு அனுகூலம். ஸ்பானிஷில் உயிர்களுக்கு நடுவே வரும் டி எழுத்தின் ஒலி, 'அது', 'இது' என்னும்போது நாம் சொல்லும் தகரம்தான். எழுத்தைப் பார்த்து 'கெடார்' என்றோ, க்யூவைப் பார்த்து 'க்வெதார்' என்றோ சொல்லாமல் இருந்தால் சரி.

வினை ஒழுங்கானது, வழக்கமான ஆர் விகுதி வினை போலவே திரியும். நிகழ்காலம்: கேதொ (நான்), கேதஸ் (நீ), கேத (அவன், அவள், அது, மரியாதை நீங்கள்), கெதாமொஸ் (நாம்), கெதாயிஸ் (ஸ்பெயினில் 'நீங்கள் எல்லோரும்'), கேதன் (அவர்கள், அவை). முடிந்த இறந்தகாலம்: கெதே, கெதாஸ்தெ, கெதோ, கெதாமொஸ், கெதாஸ்தெயிஸ், கெதாரொன். தொடர் இறந்தகாலம் கெதாப என்று போகும். எச்ச வடிவம் கெதாதொ.

அழுத்தத்தை அலட்சியப்படுத்தினால் பொருளே மாறிவிடும். 'கேதொ' என்றால் நான் இப்போது நிற்கிறேன். 'கெதோ' என்றால் அவன் அப்போது நின்றான். இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான், தலையில் ஒரு கோடு மட்டும் வித்தியாசம். 'கெதாமொஸ்' நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே வடிவம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சந்திப்புப் பேச்சில் இது குழப்பும்.

இரண்டாம் படி: மூன்று சட்டங்களைப் பிரித்தறிவது

மொத்தக் குழப்பத்தின் மூலம் இங்கேதான் இருக்கிறது. இதைப் படிக்கும்போது அவசரப்பட வேண்டாம்.

முதல் சட்டத்தில் வினை தனியாக நிற்கும். 'கேதன் தோஸ் பானெஸ்': இரண்டு ரொட்டி இருக்கிறது, அதாவது மற்றவை போக. எழுவாய் ரொட்டி, அது பன்மை, எனவே வினையும் பன்மை. எழுவாய் பெரும்பாலும் வினைக்குப் பின்னால் வரும்.

இரண்டாவது, 'எனக்கு' சட்டம். மெ (எனக்கு), தெ (உனக்கு), லெ (அவருக்கு), நொஸ் (நமக்கு), லெஸ் (அவர்களுக்கு) ஆகியவற்றில் ஒன்று முன்னால் வரும். 'மெ கேதன் தியேஸ் ஏயுரொஸ்': எனக்குப் பத்து யூரோ மிச்சமிருக்கிறது. இங்கேயும் எழுவாய் யூரோதான், நான் அல்ல. நமக்கு இது பிறவியிலேயே கைவந்த அமைப்பு. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குப் பத்து ரூபாய் மிச்சம்' என்று நான்காம் வேற்றுமையில் பேசிப் பழகியவர்கள் 'மெ கேதன்' என்பதை விளக்கமே இல்லாமல் ஏற்றுக்கொள்ளலாம். ஆங்கிலம் வழியாக யோசித்து 'நான் வைத்திருக்கிறேன்' என்று மாற்றப் பார்த்தால்தான் வினை 'கேதொ' ஆகி வாக்கியம் உடையும்.

மூன்றாவது, 'தன்னோடு' சட்டம். அகராதியில் இது கெதார்ஸெ என்று தனி வடிவமாக இருக்கும். மெ கேதொ, தெ கேதஸ், ஸெ கேத, நொஸ் கெதாமொஸ், ஸெ கேதன். இங்கே எழுவாய் ஆள்தான். 'மெ கேதொ என் காஸ': நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்.

இரண்டாவது சட்டத்திலும் மூன்றாவதிலும் அதே 'மெ' வருகிறது. கண்ணை 'மெ' மேல் வைத்தால் ஏமாந்துவிடுவோம்; வினையின் வாலைப் பார்க்க வேண்டும். 'மெ' வந்து வால் ஒகரத்தில் முடிந்தால் (மெ கேதொ) நானே நிற்கிறேன். 'மெ' வந்து வால் 'த' அல்லது 'தன்' என்றால் (மெ கேத, மெ கேதன்) வேறு ஏதோ எனக்கு நிற்கிறது. இறந்தகாலத்தில் வித்தியாசம் இன்னும் மெல்லியது: 'மெ கெதே' நான் இருந்துவிட்டேன், 'மெ கெதோ' அது எனக்கு அப்படி அமைந்தது. படர்க்கையில் வேலை எளிது, ஏனென்றால் எனக்கு வகைக்கு 'லெ', தன்னோடு வகைக்கு 'ஸெ' என்று சொல்லே வேறாகிவிடும்.

மூன்றாம் படி: மிச்சக் கணக்கு

தினசரிப் பேச்சில் முதலில் தேவைப்படுவது இதுதான். 'கேத போக்க ஆகுவ' என்றால் தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது. 'யா நோ கேதன்' என்றால் தீர்ந்துவிட்டன. 'குவான்தொ கேத?' என்று பயணத்தின் நடுவே கேட்டால், இன்னும் எவ்வளவு தூரம் அல்லது நேரம் இருக்கிறது என்று பொருள். 'கேதன் ஸீன்கொ மினூத்தொஸ்': இன்னும் ஐந்து நிமிடம்.

செய்யாமல் கிடப்பதைச் சொல்ல 'பொர்' சேர்த்து மூல வினையைப் போடுவார்கள். 'கேத மூச்சொ பொர் அஸேர்': செய்ய வேண்டியது நிறைய பாக்கி. வழியில்லாமல் ஒன்றைச் செய்யும்போது சொல்லும் தொடரும் இதே குடும்பம்தான்: 'நோ மெ கேத மாஸ் றெமேதியொ கெ ஈர்', போவதைத் தவிர எனக்கு வேறு வழி நிற்கவில்லை.

இந்த இடத்தில் 'எனக்கு' அமைப்பு உதவினாலும் 'மிச்சம்' என்ற நம் சொல் காலை வாரும். தமிழில் மிச்சம் என்பது இன்னும் கையில் இருப்பதையும் குறிக்கும், தேவைக்கு மேல் மீந்ததையும் குறிக்கும். ஸ்பானிஷ் இரண்டையும் பிரிக்கிறது. 'கேத கொமீத' என்றால் சாப்பாடு இன்னும் இருக்கிறது, வந்து சாப்பிடலாம். 'ஸொப்ரோ கொமீத' என்றால் எல்லோரும் சாப்பிட்டும் மீந்துபோனது. மீறி நிற்பதற்கு ஸொப்ரார் என்ற வினையும், குறைவதற்கு ஃபல்தார் என்ற வினையும் தனியாக இருக்கின்றன. பத்து யூரோவை வைத்தே பார்க்கலாம். 'மெ கேதன் தியேஸ் ஏயுரொஸ்': செலவு போகக் கையில் பத்து. 'மெ ஸோப்ரன் தியேஸ் ஏயுரொஸ்': தேவையானதை எடுத்துவிட்டேன், பத்து உபரி. 'மெ ஃபால்தன் தியேஸ் ஏயுரொஸ்': வேண்டிய தொகைக்குப் பத்து குறைகிறது. மூன்றாவதைச் சொல்ல நினைத்து முதலாவதைச் சொன்னால், கடன் கேட்க வந்தவர் காசு இருக்கிறது என்று அறிவித்ததாக ஆகும்.

நேரத்துக்கு மட்டும் கேதனும் ஃபால்தனும் கிட்டத்தட்ட ஒன்றுபோலப் புழங்கும். 'ஃபால்தன் ஸீன்கொ மினூத்தொஸ்' என்பதில் கண் முடிவிடத்தின் மேல் இருக்கிறது. 'கேதன்' என்பதில் கையிருப்பின் மேல். அந்த நுணுக்கத்தை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

நான்காம் படி: இடம்

'தோந்தெ கேத எல் பான்கொ?' வங்கி எங்கே இருக்கிறது? லத்தீன் அமெரிக்காவில் இது மிகச் சாதாரணமான கேள்வி. ஸ்பெயினில் இதே இடத்தில் 'தோந்தெ எஸ்தா' என்பதே அதிகம் காதில் விழும். ஆனாலும் 'கேத லேஹொஸ்' (தூரம்), 'கேத ஸேர்க்க' (பக்கம்) என்பவை எங்கும் புரியும். விதி ஒன்றே: நகராத பொருளுக்கு மட்டும். கட்டடம், ஊர், தெரு, அலுவலகம். ஆளையோ சாவிக்கொத்தையோ தேடும்போது இப்படிக் கேட்கக் கூடாது. அங்கே 'இரு' என்று பொருள்படும் எஸ்தார் வினைதான்.

ஐந்தாம் படி: பொருந்துவதும் அமைவதும்

உடை விஷயத்தில் 'எனக்கு' சட்டம் முழு மூச்சாக இயங்கும். 'ஏஸ்த கமீஸ தெ கேத பியேன்': இந்தச் சட்டை உனக்கு நன்றாக இருக்கிறது. அளவு சரியில்லை என்றால் 'மெ கேத க்ராந்தெ', எனக்குப் பெரிதாக இருக்கிறது. செருப்பு, ஷூ, கால்சட்டை போன்றவை பன்மை என்பதால் 'லொஸ் ஸப்பாத்தொஸ் மெ கேதன் பெக்கேஞொஸ்'. வினையும் பன்மை, 'சிறிய' என்ற பெயரடையும் ஆண்பால் பன்மை. 'பியேன்' மட்டும் எந்த நிலையிலும் மாறாது, அது வினையடை. 'மெ கேத பெக்கேஞொஸ்' என்று பாதி பன்மையும் பாதி ஒருமையுமாகப் பேசுவது அடிக்கடி நடக்கும் பிழை. தமிழில் அஃறிணைப் பன்மையைப் பேச்சில் பெரும்பாலும் ஒருமையிலேயே முடித்துவிடுகிறோம் ('ஷூ ரெண்டும் சின்னதா இருக்கு'), அந்தப் பழக்கம்தான் இழுக்கிறது.

செய்த பொருள் எப்படி அமைந்தது என்று சொல்வதும் இதே சட்டம்தான், ஆனால் இறந்தகாலத்தில். 'எல் பஸ்தேல் தெ கெதோ றீக்கொ': கேக் உனக்கு நன்றாக வந்திருக்கிறது. இங்கே தமிழும் ஸ்பானிஷும் அடியோடு ஒத்துப்போகின்றன. 'ஓவியம் உங்களுக்கு நல்லா வந்திருக்கு' என்று நாம் எங்கெல்லாம் 'வந்திருக்கு' போடுவோமோ, அங்கெல்லாம் 'தெ கெதோ', மரியாதையாக என்றால் 'லெ கெதோ'. பாராட்டுவதற்கு இதைவிட இயல்பான வாக்கியம் ஸ்பானிஷில் குறைவு.

ஆறாம் படி: சந்திப்பும் உடன்பாடும்

ஸ்பெயினில் வாழப் போகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கலாம். அங்கே நண்பர்களைச் சந்திக்க ஏற்பாடு செய்வதற்கான வினையே கெதார்தான். 'கெதாமொஸ் மஞான?' நாளைக்குச் சந்திப்போமா? 'அ கே ஓர கெதாமொஸ்?' எத்தனை மணிக்கு? 'ஏ கெதாதொ கொன் மரீய': மரியாவைச் சந்திப்பதாகப் பேசி வைத்திருக்கிறேன். நேரத்துக்கு 'அ லஸ்', ஆளுக்கு 'கொன்', இடத்துக்கு 'என்'. இப்படிக் கூடும் கூட்டத்துக்குக் கெதாத என்றே ஒரு பெயர்ச்சொல்லும் அங்கே உண்டு. மெக்ஸிகோவில் அந்தப் பெயர்ச்சொல்லைப் பெண்ணைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது. கல்யாணமாகாமல் நின்றுவிட்டவள் என்று இழிவாகப் பொருள்படும்.

சந்திப்பு என்றால் 'மெ' கிடையாது. சந்திப்பைச் சொல்ல 'கேதொ கொன் மரீய' என்றால் போதும். அதில் ஒரு 'மெ' கூடி 'மெ கேதொ கொன் மரீய' ஆனால், 'நான் மரியாவுடனேயே இருந்துவிடுகிறேன்' என்றோ, 'எனக்கு மரியாவே போதும், அவளையே தேர்ந்தெடுக்கிறேன்' என்றோ ஆகிவிடும். ஓரசை கூடியதற்கு இவ்வளவு விலை.

ஒரு முடிவுக்கு வந்ததைச் சொல்ல 'என்' சேர்ப்பார்கள். 'கெதாமொஸ் என் பேர்னொஸ் எல் லூனெஸ்': திங்கட்கிழமை சந்திப்பதாக முடிவு செய்தோம். பின்னால் மூல வினைக்குப் பதில் திரிந்த வினை வரும்போது 'என் கெ': 'கெதோ என் கெ மெ யமரீய', எனக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். மெக்ஸிகோ உள்ளிட்ட பல லத்தீன் அமெரிக்க நாடுகளில் 'என்' இருந்த இடத்தில் 'தெ' வரும் ('உடைய' என்னும் பொருள் தரும் உருபு, உனக்கு என்னும் 'தெ' அல்ல): 'கெதோ தெ யமார்மெ'. ஸ்பெயின்காரருக்கு இது புரியும், ஆனால் வெளியூர் வாடை அடிக்கும்.

பேச்சு நீண்டு யாரும் ஒரு நிலையில் நிற்காதபோது சொல்வது, 'என் கே கெதாமொஸ்?'. 'கடைசியில் என்னதான் முடிவு?' என்று நாம் சலிப்போடு கேட்பதுதான். வாக்குத் தவறியவரிடம் 'அபீயமொஸ் கெதாதொ அ லஸ் ஸேயிஸ்!' ஆறு மணிக்கு என்றுதானே பேசியிருந்தோம்! 'கெதாமொஸ்' இரு காலத்துக்கும் பொது என்று முன்பே சொன்னோம். நடந்துபோன உடன்பாட்டை இந்த 'அபீயமொஸ் கெதாதொ' சந்தேகமில்லாமல் காட்டிவிடும்.

ஏழாம் படி: கெதார்ஸெ, இருந்துவிடுதல்

மற்றவர்கள் போக ஒருவர் போகாமல் இருப்பது. 'மெ கெதே த்ரேஸ் தீயஸ்': மூன்று நாள் தங்கினேன். 2020-ல் கொரோனா பரவியபோது ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் சுவர்களிலும் திரைகளிலும் இருந்த வாசகம் 'கேதத்தெ என் காஸ', வீட்டிலேயே இரு. ஏவல் வடிவங்களை இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஒருவரை மரியாதையாகச் சொல்ல கேதெஸெ. பலரை என்றால் கேதென்ஸெ. ஸ்பெயினில் நெருங்கியவர்கள் பலரை கெதா-ஒஸ். நீ என்பதற்கு 'போஸ்' பயன்படும் அர்ஜென்டினா போன்ற நாடுகளில் அழுத்தம் நகர்ந்து கெதாத்தெ ஆகும். 'வேண்டாம்' என்று தடுக்கும்போது 'நோ தெ கேதெஸ்'. அங்கே 'தெ' முன்னால் ஓடி வந்துவிடும்.

செயல் தொடர்ந்ததைச் சொல்ல, தொடர்வினை வடிவத்தைப் பின்னால் சேர்க்கலாம். 'மெ கெதே எஸ்துதியாந்தொ அஸ்த லஸ் தோஸ்': இரண்டு மணி வரை படித்துக்கொண்டே இருந்தேன்.

எட்டாம் படி: 'ஆகிவிட்டது', 'போய்விட்டது'

கெதார்ஸெ உடன் ஒரு பெயரடை சேர்ந்தால், ஏதோ நடந்து ஒருவர் அந்த நிலையில் நின்றுவிட்டார் என்று பொருள். 'ஸெ கெதோ ஸியேகொ': கண் தெரியாமல் போய்விட்டது. 'ஸெ கெதோ ஸோலொ': தனியாகிவிட்டான். 'மெ கெதே தொர்மீதொ': தூங்கிப்போனேன். சொல்பவர் பெண் என்றால் 'தொர்மீத'. தமிழில் துணைவினை 'போ' எங்கே வருகிறதோ (கேட்காமல் போனது, தூங்கிப்போனான், அசந்துபோனேன்) அங்கே கெதார்ஸெ பொருந்துகிறதா என்று முதலில் முயன்று பாருங்கள்.

'ஸின்' சேர்த்தால் இழப்பு. 'மெ கெதே ஸின் பத்தெரீய' என்றால் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பேட்டரி தீர்ந்தது என்று பேட்டரியை எழுவாயாக்காமல், 'நான் பேட்டரி இல்லாமல் நின்றுவிட்டேன்' என்கிறார்கள். வேலை போனாலும், பெட்ரோல் தீர்ந்தாலும் இதே அமைப்பு. மரபுத் தொடர்களில் இரண்டை மட்டும் இப்போதைக்குப் பழகினால் போதும். தேர்வில் எல்லாம் மறந்துபோனால் 'மெ கெதே என் ப்லான்கொ' (வெள்ளையில் நின்றுவிட்டேன்). திகைத்துக் கல்லாய்ச் சமைந்தால் 'மெ கெதே தெ பியேத்ர'.

ஆனால் எல்லா 'ஆகிவிட்டது'க்கும் கெதார்ஸெ வராது. பதற்றம், வெட்கம் போல வந்து போகும் நிலைக்குப் பொனேர்ஸெ. பைத்தியமானது போலக் குணமே திரும்பிவிட்டால் பொல்பேர்ஸெ. முயன்று பணக்காரரானால், மருத்துவரானால் அஸேர்ஸெ. கெதார்ஸெ பெரும்பாலும் ஒன்றை இழந்தபின் நிற்கும் நிலைக்கு. 'ஸெ கெதோ மேதிகொ' என்று 'மருத்துவரானான்' என்பதைச் சொல்ல முடியாது. டாக்டர் பட்டம் இழப்பு அல்லவே.

'ஸெ' இல்லாமல் 'கெதோ ஸியேகொ' என்றும் எழுத்து நடையிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பார்க்கலாம். கர்ப்பமானதைச் சொல்லும்போது ஸ்பெயினில் 'ஸெ' போடுவதும், அட்லாண்டிக்குக்கு அப்பால் விடுவதும் நன்கு தெரியும் வித்தியாசம். இரண்டும் பிழையல்ல.

ஒன்பதாம் படி: எடுத்துக்கொள்ளுதல்

கெதார்ஸெ உடன் 'கொன்' சேர்ந்து பொருள் ஒன்று வந்தால், அதைத் தன்னிடம் வைத்துக்கொள்வது. கடையில் நாலைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தபின் 'மெ கேதொ கொன் ஏஸ்த', இதையே எடுத்துக்கொள்கிறேன். சுருக்கமாக 'மெ ல கேதொ' என்றும் சொல்லலாம். டாக்ஸி ஓட்டுநரிடம் 'கேதெஸெ கொன் எல் காம்பியொ': மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் 'கொள்' என்ற துணைவினை இந்த 'ஸெ'யின் அச்சு அசல். ஸ்பெயின் பேச்சு வழக்கில் 'தெ எஸ்தாஸ் கெதாந்தொ கொன்மீகொ?' என்றால் 'என்னைக் கலாய்க்கிறாயா?'. அங்கே பொருளுக்குப் பதில் ஆள் வருகிறது.

சில்லறை உபயோகங்கள்

நல்ல பேர் எடுப்பதும் கெட்ட பேர் எடுப்பதும்: 'கெதோ மால் கொன் ஸு ஹேஃபெ', மேலதிகாரியிடம் பேர் கெட்டுப்போயிற்று. இங்கே ஆள் எழுவாய், 'லெ' கிடையாது. 'லெ கெதோ மால்' என்றால் பெரும்பாலும் அவர் செய்த ஏதோ ஒன்று சரியாக அமையவில்லை என்று பொருள்.

அறிவிப்பு நடை: 'கேத ப்ரொஇபீதொ ஃபுமார்', புகைபிடிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. பெண்பால் பெயர் வந்தால் எச்சமும் மாறும்: 'கேத ப்ரொஇபீத ல என்த்ராத', நுழைவு தடை. போட்டி முடிவு: 'கெதோ ஸெகூந்தொ', இரண்டாவதாக வந்தான். ஊரடங்கு உத்தரவுக்குத் 'தோக்கெ தெ கேத' என்பார்கள். இரவில் எல்லோரும் அடங்க அடித்த மணியிலிருந்து வந்த பெயர் அது. பழைய லத்தீன் பொருள் அப்படியே தங்கிய ஒரே இடம் இதுதானோ என்று தோன்றும்.

எங்கே தவறுகிறது

'ஸெ' இல்லாத கெதார் செயப்படுபொருளை ஏற்காது என்பது மிகப் பெரிய வேலி. 'சாவியை வீட்டில் விட்டுவிட்டேன்' என்பதற்குத் தெஹார் வினை வேண்டும்: 'தெஹே லஸ் யாபெஸ் என் காஸ'. கெதாரை வைத்தே சொல்ல வேண்டுமானால் சாவியை எழுவாயாக்க வேண்டும்: 'ஸெ மெ கெதாரொன் லஸ் யாபெஸ் என் காஸ', சாவி வீட்டிலேயே நின்றுபோயிற்று. இந்த இரண்டாவது வடிவம் குற்றத்தைச் சாவியின் மேல் போட்டுவிடுவதால் அன்றாடத்தில் மிகப் பிரபலம். ஸ்பெயினின் மேற்குப் பகுதிகளில் 'கெதே லஸ் யாபெஸ்' என்று பேசுவதைக் கேட்கலாம். அது வட்டார வழக்கு. தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்.

காலத் தேர்வு அடுத்த சிக்கல். 'கெதாபன் தோஸ்' என்றால் நான் பார்த்த நேரத்தில் இரண்டு இருந்தன. 'கெதாரொன் தோஸ்' என்றால் எல்லாம் முடிந்தபின் இரண்டு எஞ்சின. விவரணைக்கு முதலாவது, விளைவுக்கு இரண்டாவது.

கையை ஓட்டிப் பார்க்க

கீழே உள்ள ஜோடிகளை உரக்கப் படித்து, விடையை மறைத்துக்கொண்டு பொருள் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் வினையின் வாலை, பிறகு 'மெ' இருக்கிறதா என்பதை, அதன்பின் அடுத்து வரும் சிறு சொல்லை என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

'மெ கேதன் த்ரேஸ்' / 'மெ கேதொ கொன் த்ரேஸ்': எனக்கு மூன்று பாக்கி / மூன்றை நான் வைத்துக்கொள்கிறேன்.

'கேதொ கொன் ஏயஸ்' / 'மெ கேதொ கொன் ஏயஸ்': அவர்களைச் சந்திக்கிறேன் / அவர்களோடு இருந்துவிடுகிறேன்.

'மெ கெதோ கோர்த்தொ' / 'மெ கெதே கோர்த்தொ': (நான் தைத்தது, எழுதியது) குட்டையாக அமைந்துவிட்டது / நான் குறைவாக மதிப்பிட்டுவிட்டேன், போதுமான அளவு சொல்லவில்லை.

'தெ கேத பியேன்' / 'கேதஸ் பியேன்': உனக்கு அழகாக இருக்கிறது / உனக்கு நல்ல பேர் கிடைக்கும்.

'கெதாமொஸ் என் காஸ' / 'நொஸ் கெதாமொஸ் என் காஸ': வீட்டில் சந்திப்பதாகப் பேசினோம் / வீட்டிலேயே இருந்துவிட்டோம். கடைசி ஜோடியில் தடுமாறுகிறவர்கள் ஆறாம் படிக்குத் திரும்பிப் போகலாம். ஸ்பானிஷில் நன்றாகப் பேசுகிறவர்கள்கூட நழுவும் இடம் அது.